பல்கலைக்கழகக் கொள்கை ஆய்வு மையங்களால் யாருக்கு என்ன ஆச்சு?

கேள்வி | பிப்ரவரி 9, மாலை

எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் "அரசியல் மற்றும் பொதுக்கொள்கை ஆய்வு மையம்" என்று ஒரு போர்டு தொங்குகிறது. ஏசி அறை, கருத்தரங்கு, சமோசா, கடைசியில் யாரும் படிக்காத ஓர் அறிக்கை. அரசாங்கமோ தான் நினைத்ததைத்தான் செய்கிறது. இந்த மையங்களால் இதுவரை ஒரு ஊருக்காவது ஏதாவது நடந்திருக்கிறதா? சும்மா கேட்கவில்லை. என் தங்கைக்கு அப்படி ஓர் இடத்தில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். போகச் சொல்லலாமா?

பிப்ரவரி 9, இரவு

சமோசா விஷயம் சரி. மற்றது பாதி சரி.

நான் படிப்பு முடிந்த கையோடு அப்படி ஒரு மையத்தில் கள ஆய்வாளராகக் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன். பெயர் வேண்டாம். மையம் ஊருக்கு ரோடு போடாது, தண்ணீர்த் தொட்டி கட்டாது, அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஊருக்கு என்ன நடந்தது என்று நம்பும்படி யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள், அப்போது எந்த மையம் உருப்படி, எது போர்டு மட்டும் என்று தெரிந்துவிடும். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: போன இடத்துக்குத் திரும்பப் போனார்களா?

நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். இருவேல்பட்டு என்ற ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பிப்ரவரி 10, காலை

1915-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கென்று ஒரு பேராசிரியர் பதவியை உண்டாக்கி, இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டரை வரவழைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படித்த ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்த மனுஷன். வந்தவர் வகுப்பில் இங்கிலாந்துப் பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போகவில்லை. மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேட்டு எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, மாடு எத்தனை, கிணறு எத்தனை. 1916-ல் நடந்தது, 1918-ல் புத்தகமாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டு தூசி, தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கம் வடமலாபுரம், நெல்லைக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான், இன்னும் மலையாளப் பகுதியில் சில ஊர்கள்.

படியாட்கள், அதாவது கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த கூலியாட்கள், அவர்களைப் பற்றி அதில் எழுதியிருப்பதைப் படித்தால் வயிறு கலங்கும். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அடையவே அடையாது, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும், நிலம் கைமாறினால் அந்த ஆளும் சேர்ந்து கைமாறுவார். இதை ஒரு கல்லூரி மாணவன் சாதாரண விவரமாக எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அதோடு விட்டிருந்தால் அதுவும் அலமாரிப் புத்தகம்தான். ஆனால் 1936-37-ல், பொருளாதார மந்தத்தில் விவசாயி நொடிந்து கிடந்த சமயத்தில், அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்ப ஆள் அனுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் அடையாறு காந்திநகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், நாங்கள் மிட்ஸ் என்போம், அதிலிருந்து எஸ். குகனும் மற்றவர்களும் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூன்று பேரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 1916-லிருந்து 2008 வரை ஒரே ஊர்.

தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஊரைத் தொடர்ந்து பார்த்த கணக்கு உலகத்திலேயே அதிகம் கிடையாது. நம்மிடம் இருக்கிறது, நமக்கே தெரியாது.

பிப்ரவரி 10, மதியம்

"சரி, அந்த ஊரில் என்னதான் கண்டுபிடித்தார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். சுருக்கமாகச் சொன்னால், 1916-ல் ஊரையே கையில் வைத்திருந்த பெருநிலக்காரக் குடும்பத்தின் பிடி 2008-ல் தளர்ந்திருந்தது. தலித் தொழிலாளிக்கு ஒரே முதலாளியின் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயம் குறைந்திருந்தது. வெளியே போய் வேலை, பிள்ளைகள் படிப்பு, ரேஷன் அரிசி, அரசுத் திட்டங்கள், எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நிலம் மறுபங்கீடு ஆகித்தான் அந்தப் பிடி தளரும் என்று நம்பியவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். நிலம் பெரிதாகக் கைமாறாமலே அதிகாரம் ஓரளவு கைமாறியிருக்கிறது என்பது எங்களுக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி.

இது ஒருமுறை போய்ப் பார்த்தவருக்குக் கிடைக்காது. 2008-ல் மட்டும் போயிருந்தால் "இன்னும் சாதி இருக்கிறது, இன்னும் ஏழ்மை இருக்கிறது" என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரியாது.

பிப்ரவரி 10, இரவு

நினைவுக்கு வந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்கு அப்புறம் நிவாரணம் வரவில்லை என்று நெடுஞ்சாலையில் உட்கார்ந்த ஜனம், பார்க்க வந்த அமைச்சர் மேல் சேற்றை வீசியது டிவியில் ஓடியதே, அந்த ஊர் இதே இருவேல்பட்டுதான். எல்லாரும் அன்றைக்கு எந்தக் கட்சி தூண்டிவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு 1916 படியாள்தான் ஞாபகம் வந்தார். சேறு வீசியது நல்லது என்று சொல்ல வரவில்லை, யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அமைச்சர் வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பயம் போயிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். அந்தப் பயம் எந்தப் பத்து வருஷத்தில் போனது என்பதை யாராவது எழுதினால் படிக்க ஆசை.

பிப்ரவரி 11

மிட்ஸ் பல்கலைக்கழகமே இல்லையே என்று ஒரு நண்பர் திருத்துகிறார். பல்கலைக்கழகத் துறை இல்லைதான். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் 1971-ல் தொடங்கியது. 1977-ல் தேசிய நிறுவனமாகி, இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும் தமிழ்நாடு அரசும் பணம் தர ஆரம்பித்தன. ஆனால் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்துதான் முனைவர் பட்டம் கொடுத்துவந்தது, ஆதிசேஷையாவே அங்கே துணைவேந்தராகவும் இருந்தார். பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு காலை வைத்துக்கொண்டிருந்ததால்தான் வேலை நடந்தது என்பது என் எண்ணம். முழுக்க உள்ளே இருந்திருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் பயணப்படி பில் பாஸ் ஆவதற்குள் அந்த ஊர்களே மாறிப்போயிருக்கும்.

முழுக்க உள்ளே இருக்கும் வகையும் உண்டு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலேயே ஒரு வேளாண் பொருளாதார ஆய்வு மையம் இருக்கிறது, நாட்டில் இந்த மாதிரி மையங்களுக்கு ஒன்றிய வேளாண் அமைச்சகம் பணம் தருகிறது. பணம் தருபவர்தான் பெரும்பாலும் தலைப்பும் தருவார். அதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இதே மாதிரி மையம் 1957-58-ல் உத்தரப்பிரதேசத்தில் பாலன்பூர் என்ற ஊரைக் கணக்கெடுத்து வைத்ததால்தான் பின்னால் பல பேர் அங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறை போக முடிந்தது. போட்ட விதை அமைச்சகத்துடையது, அறுவடை யாருக்கோ.

பிப்ரவரி 12, அதிகாலை, தூக்கம் வரவில்லை

தங்கை வேலைக்குப் போனால் என்ன செய்வாள் என்று கேட்டிருந்தீர்கள். என் காலத்தில்: முதலில் வீட்டுப் பட்டியல். ஊரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனி ரேஷன் அட்டை, ஆனால் சமையல் ஒன்று, அது ஒரு வீடா இரண்டு வீடா என்று அரை மணி நேரம் தகராறு. அப்புறம் கனமான கேள்விப் படிவம். "எதுக்கு கேக்கறீங்க, லோன் தருவாங்களா?" இது முதல் வீட்டில். "கார்டை கட் பண்ண வந்தீங்களா?" இது இரண்டாவது வீட்டில். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் நாம் வந்த செய்தி தெரு முழுக்கப் போயிருக்கும், பாதிப் பேர் கொல்லைப் பக்கமாக வயலுக்குப் போயிருப்பார்கள்.

நிலம் எவ்வளவு என்றால் ஆண்கள் குறைத்துச் சொல்வார்கள். கடன் எவ்வளவு என்றால் அந்த அம்மா வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். அவர் டீ சொல்ல எழுந்து போன நேரத்தில் உண்மையான தொகை வரும், குழுக் கடன், அடகுக் கடன், அண்ணி கொடுத்தது எல்லாம் சேர்த்து. இந்த நுணுக்கம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடையாது, கூட வேலை பார்த்த ஓர் அக்கா சொல்லிக் கொடுத்தது. ஸ்லேட்டரின் மாணவர்களை நினைத்தால் இங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. 1916-ல் பிரெசிடென்சியிலோ வேறெங்கோ பி.ஏ. படித்தவன் எந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பான்? திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருப்பான். சேரிக்குள் போய் ஒரு பெண்ணிடம் கடன் எவ்வளவு என்று கேட்டிருக்க மாட்டான். ஆக நாம் கொண்டாடும் அந்த முதல் கணக்கே திண்ணைக் கணக்குதான். அதனால் அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, எங்கிருந்து பார்த்த பார்வை என்று தெரிந்துகொண்டு படிக்கச் சொல்கிறேன்.

போகட்டும், தங்கையை அனுப்புங்கள். சம்பளம் சொற்பம்தான். ஒப்பந்தம் எத்தனை மாதம், களப்படி தனியா, அறிக்கையில் அவள் பெயர் வருமா என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். வங்கித் தேர்வுப் புத்தகத்தையும் விற்றுவிட வேண்டாம்.

பிப்ரவரி 12, மதியம்

காலையில் எழுதியதில் மையங்களுக்கு வரும் பணத்தை விட்டுவிட்டேன், இரண்டு பேர் அதைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

2023 ஜூலையில் சோனிப்பட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் சப்யசாச்சி தாஸ் என்பவர் 2019 மக்களவைத் தேர்தல் முடிவுகளைப் புள்ளிவிவரமாக ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நெருக்கமான போட்டி நடந்த தொகுதிகளில் ஆளுங்கட்சி வென்ற விதம் இயல்பாக இல்லை என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று கைகழுவியது. ஆகஸ்டில் அவர் ராஜினாமா செய்தார், துறையே எதிர்ப்புத் தெரிவித்தது. அது தனியார் நன்கொடையில் நடக்கும் இடம். அரசுப் பணத்தில் நடக்கும் இடம் மட்டும் என்ன? டெல்லியில் 1963-ல் ரஜனி கோத்தாரி தொடங்கிய சிஎஸ்டிஎஸ் (வளரும் சமூகங்கள் ஆய்வு மையம்), 1967 முதல் தேர்தல் ஆய்வு செய்து, நடுவில் விட்டுப்போய், 1996-லிருந்து விடாமல் செய்துவருவது. 2025 ஆகஸ்டில் அங்கே மூத்தவர் ஒருவர் மகாராஷ்டிர வாக்காளர் எண்ணிக்கை பற்றித் தப்பான கணக்கைச் சமூக வலைத்தளத்தில் போட்டு, அழித்து, மன்னிப்பும் கேட்டார். அதற்குள் பணம் தரும் அதே சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அவர் மேல் வழக்கு, அந்த வழக்குக்கு உச்ச நீதிமன்றத் தடை என்று போய்விட்டது. தப்பு தப்புதான். ஆனால் ஒரு தப்பான பதிவுக்கு ஒரு நிறுவனத்தின் அடிமடியில் கை வைத்தால் அடுத்தவன் என்ன செய்வான்? மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஆராய்வான்.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு கதை உண்டு. ஒரு நலத்திட்டத்தில் யாருக்குக் கிடைக்கவில்லை என்று நாங்கள் எழுதிய அறிக்கையை, ஆய்வுக்குப் பணம் கொடுத்த துறை வாங்கி வைத்துக்கொண்டு, "இப்போதைக்குச் சுற்றுக்கு விட வேண்டாம்" என்று ஒரு கடிதம் அனுப்பியது. அந்த இப்போதைக்கு இன்னும் முடியவில்லை. படிவங்களை வைத்திருந்த அறையைப் பிறகு வேறு திட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. அறிக்கை போனதை விட எனக்குப் படிவங்கள் போனதுதான் வயிற்றெரிச்சல். அறிக்கையை யாரும் திரும்ப எழுதலாம், அந்த வருஷத்து அந்த ஊரின் கடனை இனி யாரும் கேட்க முடியாது.

பிப்ரவரி 13

அமெரிக்காவில் எப்படி என்று ஒரு தம்பி. எனக்குத் தெரிந்தது மிச்சிகன் பல்கலைக்கழகம். 1948 அதிபர் தேர்தலில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உட்பட எல்லாரும் டூயி ஜெயிப்பார் என்று சொல்லி, ட்ரூமன் ஜெயித்து, கணிப்பாளர்கள் முகத்தில் கரி. அந்தச் சமயம் மிச்சிகனின் ஆய்வு மையம் 662 பேரிடம் தேர்தலுக்கு முன்னும் பின்னும் பேசியிருந்தது. சின்ன எண்ணிக்கைதான். அங்கிருந்து பிடித்து ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் கேட்கிறார்கள். அரசாங்கம் சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா என்ற கேள்வியை 1958-ல் கேட்டபோது கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் பெரும்பாலும் நம்புகிறோம் என்றார்கள். 1980-ல் அது நான்கில் ஒருவர் ஆனது. நடுவில் வியட்நாம், வாட்டர்கேட். கேள்வியின் வார்த்தையை மாற்றாமல் வைத்திருந்ததால்தான் இந்தச் சரிவு தெரிகிறது. புதுசாக வரும் இயக்குநர் எவரும் "கேள்வியை இன்னும் அழகாகக் கேட்கலாமே" என்று கை வைக்காமல் இருந்தார்களே, அதுவே பெரிய சாதனை. நம் ஊரில் புது இயக்குநர் வந்தால் முதலில் லெட்டர்பேட் மாறும்.

பிப்ரவரி 13, இரவு

எல்லாம் பழங்கதை, இப்போது உபயோகமாக ஒன்று சொல்லுங்கள் என்பவருக்கு. கொரோனாவில் பள்ளிகள் 18 மாதம் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை ஸ்டாக்ஹோமிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கும் பல்கலைக்கழகப் பொருளாதாரக்காரர்கள் (கார்த்திக் முரளிதரன் ஒருவர்) சோதித்தார்கள். பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம், தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தால் வந்தது, அதுவும் ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம். அந்தத் திட்டத்தை அறிவித்தபோது தன்னார்வலர் என்ற பெயரில் யார் உள்ளே நுழைவார்கள் என்றெல்லாம் எத்தனை சண்டை. நானும் பயந்தவன்தான்.

இதை அளக்க முடிந்ததற்குக் காரணம், கொரோனாவுக்கு முன்பே, 2019-ல், வேறொரு ஆய்வுக்காக அந்த ஊர்களில் பிள்ளைகளின் விவரத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அங்கன்வாடி சம்பந்தப்பட்ட வேலை. 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்குக் கூடுதலாக ஓர் அரைநாள் ஊழியரைக் கொடுத்துப் பார்த்தால், சொல்லித் தரும் நேரம் இரட்டிப்பானது, குட்டையாக வளரும் பிள்ளைகள் குறைந்தார்கள். கொரோனா வரும் என்று யாருக்கும் தெரியாது. கையில் பழைய கணக்கு இருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 15

மையத்து ஆட்கள் அரசுக்குள் போய்விடுகிறார்களே என்று ஒரு குறை. உண்மை. 2008-ல் இருவேல்பட்டுக்குப் போன மூவரில் ஜெயரஞ்சன் 2021-ல் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். மிட்ஸ் பேராசிரியர் விஜயபாஸ்கரும் அந்தக் குழுவுக்குப் போனார். குகன் எதிர்த் திசை: நிதித் துறைச் செயலாளராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி, பிறகு மிட்ஸுக்கு வந்து கிராமம் கிராமமாகப் போனவர். எது மேல்? எனக்குக் குகன் வழிதான் பிடிக்கும். கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவர் களத்துக்குப் போனால் எங்கே திட்டம் நின்றுபோகும் என்று கண்டுபிடிப்பார். களத்திலிருந்து கோப்புக்குப் போனவர் நல்லது செய்வார், மறுக்கவில்லை, ஆனால் அந்த ஐந்து வருஷம் அவர் எழுதியிருக்க வேண்டிய விமர்சனத்தை வேறு யார் எழுதுவது? சின்ன ஊர் இது, ஆய்வாளர்கள் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள்.

பிப்ரவரி 16

கடைசியாக ஒரு சந்தேகம், இது எனக்கே. ஸ்லேட்டர் ஊர்ப் பெயரை அப்படியே அச்சிட்டார், அதனால் மற்றவர்கள் தேடிப் போக முடிந்தது. பின்னால் வந்த பெரியவர்கள் மறைத்தார்கள். 1961-62-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து தஞ்சைக்கு வந்த ஆந்த்ரே பெத்தேய் தன் ஊருக்கு "ஸ்ரீபுரம்" என்று பெயர் வைத்தார், காத்லீன் கோ தன்னுடையதைக் "கும்பப்பேட்டை" என்றார். மைசூர்ப் பக்கம் எம்.என். ஸ்ரீநிவாஸின் "ராம்புரா"வும் அப்படித்தான். அவருடைய குறிப்புகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போய், நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார். பெயரும் மறைந்து, குறிப்பும் எரிந்தால் அடுத்தவன் எதைப் பிடித்துக்கொண்டு போவான்?

இப்போது எந்தப் பல்கலைக்கழகத்திலும் நெறிமுறைக் குழு முதலில் கேட்பது ஊர்ப் பெயரை மறைத்தாயா என்பதுதான். ஊரை எழுது, ஆளை மறை என்பது என் கட்சி. ஆனால் ஒரே ஒரு பெருநிலக்காரர் இருக்கும் ஊரில் "ஒரு பெருநிலக்காரர்" என்று எழுதினாலே பேருந்து நிறுத்தம் வரைக்கும் தெரியும். அவரைப் பற்றிச் சொன்ன கூலிக்காரர் யார் என்பதும் மறுநாளே தெரியும், அதற்குப் பிறகு அவர் அங்கேதான் வாழ வேண்டும். படிவங்களை முப்பது வருஷம் பூட்டி வைத்து அப்புறம் திறக்கலாம் என்றால், நான் பார்த்த வரையில் முப்பது வருஷம் கரையான் காத்திருப்பதில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.